அல்லங்காடி முதல் பசார் மாலாம் வரை



பகலெல்லாம் வண்டிகள் ஓடிய சாலை மாலையில் கடைவீதியாக மாறுவதையும், இரவு பதினொரு மணிக்குப் பின் மீண்டும் வெறுஞ்சாலையாகி விடுவதையும் நாம் யாவரும் கண்டிருக்கிறோம். மலாய் மொழியில் இதனைப் 'பசார் மாலாம்' என்பர். 'பசார்' என்பது பாரசீக நாட்டிலிருந்து வந்த சொல். சந்தை என்பது அதன் பொருள். 'மாலாம்' என்றால் இரவு. ஆகவே பசார் மாலாம் என்பது இரவுச் சந்தை ஆகும்.

நம்மிற் பலர் அங்குத் தின்பண்டம் வாங்கி உண்டு மகிழ்ந்து திரும்புவதோடு சரி. ஆயின் கண்ணைத் திறந்து வைத்துக் கொண்டு நடப்பவர்க்கு இரவுச் சந்தை ஒரு திறந்தவெளிப் பள்ளிக்கூடம். வரலாறு, மொழி, கணக்கு, உடல் நலம் ஆகிய நான்கு பாடங்களும் அங்கே ஒரே தெருவில் நடைபெறுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இக்கட்டுரையில் காண்போம்.

பழந்தமிழரின் இரவுச் சந்தை

இரவுச் சந்தை பிற நாட்டாரிடமிருந்து நமக்கு வந்த புதுப்பழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதுவன்று. பழந்தமிழ் நகரங்களில் இருவகை அங்காடிகள் இருந்தன. பகலில் கூடுவது நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. 'அல்' என்பது இரவைக் குறிக்கும் பழஞ்சொல்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மாங்குடி மருதனார் என்னும் புலவரால் பாடப்பெற்றது. மதுரை மாநகரின் ஒரு நாள் வாழ்க்கையை அந்நூல் பகல், மாலை, யாமம், விடியல் என்று வரிசையாகக் காட்டுகிறது. அதில் நாளங்காடியும் வருகிறது, அல்லங்காடியும் வருகிறது. அக்காலத்தில் அப்பம் முதலிய பண்டங்களைச் செய்து விற்றோரைக் 'கூவியர்' என்றழைத்தனர். இரவு முதிர்ந்த வேளையில் அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு இருந்தபடியே கண்ணயர்வதையும் அப்புலவர் குறிப்பிடுகிறார். இன்று இரவு பத்து மணிக்குமேல் நம்மூர்ச் சந்தைக்குச் சென்றால், சிறிய முக்காலியில் அமர்ந்தபடி தலை சாய்க்கும் வியாபாரியைக் காணலாம். நூற்றாண்டுகள் பல கடந்தும் காட்சி மாறவில்லை, களைப்பும் மாறவில்லை.

பினாங்கும் ஜெலுத்தோங்கும்

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்பவர் பினாங்குத் தீவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகமாக்கினார். 1794-ஆம் ஆண்டில் அவர் விடுத்த அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கு வாழ்வதாகவும், அவர்கள் கடைக்காரரும் கூலிகளுமாக இருப்பதாகவும் எழுதியுள்ளார். ஆகவே ஜார்ஜ் டவுன் நகரம் தோன்றிய காலந்தொட்டே தமிழர் இங்கே கடை நடத்தி வந்துள்ளனர். சூலியா தெரு இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

ஜார்ஜ் டவுனின் தெற்கே, சுங்கை பினாங்கு ஆற்றைக் கடந்தால், ஜெலுத்தோங் வட்டாரம் தொடங்குகிறது. ஜெலுத்தோங் என்பது ஒரு காட்டு மரத்தின் பெயர். அதுவும் பால் சுரக்கும் மரமே. ரப்பர் மரத்தைச் சீவுவது போல் அதனையும் சீவிப் பால் எடுத்தனர். மெல்லும் மிட்டாய்க்கு அப்பால் மூலப்பொருளாயிற்று. பால்மரக் காட்டில் உழைத்த தோட்டப்புற மக்களுக்கும் இவ்வூர்ப் பெயருக்கும் இப்படி ஓர் எதிர்பாராத உறவு உண்டு.

ஜெலுத்தோங்கில் காலைச் சந்தை கட்டடத்திற்குள் நிலையாக நடைபெறுவது. இரவுச் சந்தையோ இடம் பெயர்வது. தீவில் ஒரு மாலை ஒரு வட்டாரத்தில் கடை விரிப்போர் மறுநாள் வேறொரு வட்டாரத்தில் விரிப்பர். ஒரே இடத்தில் இரண்டு வாரம் தங்கிப் பின் அடுத்த வட்டாரத்திற்குச் செல்லும் முறையும் பினாங்கில் இருந்து வந்துள்ளது. வாங்குவோர் கடையைத் தேடிப் போகாமல், கடையே வாங்குவோரைத் தேடி வருவதுதான் இரவுச் சந்தையின் சிறப்பு.

சந்தையின் உணவு வரிசை

மாலை ஐந்து மணி அளவில் சிற்றுந்துகள் வந்து நிற்கும். மடக்கு மேசைகள் இறங்கும். கம்பிகள் நடப்பட்டுக் கூடாரத்துணி விரியும். எரிவாயு அடுப்புகள் மூட்டப்படும். முற்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கும் 'கேஸ்' விளக்கும் எரிந்தன. இன்று மின்விளக்குகள் ஒளிர்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு தெரு சந்தையாகி விடும்.

நாம் மெதுவாக நடந்து செல்வோம். ஒரு புறம் மலாய்க்காரர் சாத்தே வாட்டுகிறார். மூங்கில் குச்சியில் கோத்த இறைச்சித் துண்டுகள் கரியடுப்பின் மேல் புரளுகின்றன. எலுமிச்சைப் புல்லின் தண்டை நசுக்கி அதனால் எண்ணெய் தடவுகிறார். அரைத்த நிலக்கடலைக் குழம்பே அதற்குத் தொடுகறி. அடுத்த கடையில் சீனர் ஒருவர் இரும்புச் சட்டியில் குவே தியாவ் வறுக்கிறார். அரிசி மாவால் செய்த பட்டையான நூடல்ஸோடு முளைப்பயறு, முட்டை, சிப்பி முதலியவற்றைச் சேர்த்துப் பெருந்தீயில் விரைவாகப் புரட்டுவதில்தான் அவருடைய கைத்திறன் இருக்கிறது.

அதன் அருகில் பினாங்குக்கே உரிய புளி லக்சா. மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, காட்டு இஞ்சிப் பூவும் புதினாவும் சேர்த்துச் செய்யும் சாறு அது. தேங்காய்ப் பால் சேர்த்துச் செய்யும் மற்றொரு வகை லக்சாவை இங்குள்ளோர் 'சயாம் லக்சா' என்றே அழைக்கின்றனர்.

பின்னர் இந்திய முஸ்லிம்களின் மீ கோரேங், பசெம்பூர் ஆகியவை. பினாங்கின் புகழ்பெற்ற 'நாசி கண்டார்' உணவும் தமிழ் முஸ்லிம்களால் தோன்றியதே. 'கண்டார்' என்பது தோளில் தண்டு வைத்துச் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறு முனையில் கறிப் பாத்திரமும் தொங்க, துறைமுகத் தொழிலாளரைத் தேடிச் சென்று விற்றதால் அப்பெயர் ஏற்பட்டது. காவடி தூக்குவதைக் கண்ட நமக்கு அந்தத் தோள் வலியை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பண்டங்கள். ஆப்பச் சட்டியில் மாவைச் சுழற்றி ஊற்றிச் சுடும் அப்பம். மூங்கில் குழாயில் வேகும் புட்டு. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துத் தரும் இடியாப்பம். எண்ணெயில் பொரியும் வடை. கூம்பு வடிவக் காகிதத்தில் கட்டித் தரும் 'கச்சாங் பூத்தே' என்னும் கடலை வகைகள். ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரத் தமிழர்கள் கடலைத் தொழிலால் நாடு முழுதும் பெயர் பெற்றவர்கள்.

எல்லை கடந்த உறவு

பினாங்குக்கு வடக்கே, கெடா, பெர்லிஸ் மாநிலங்களைத் தாண்டினால் தாய்லாந்து நாடு. 1939-ஆம் ஆண்டு வரை அதன் பெயர் சயாம். பட்டர்வொர்த்திலிருந்து எல்லை ஊராகிய பாடாங் பெசார் வரை தொடர்வண்டியிலேயே செல்லலாம். புலாவ் தீக்குஸ் பகுதியில் தாய் மக்களின் பௌத்தக் கோயில் இருக்கிறது. அதற்கான நிலம் 1845-ஆம் ஆண்டில் ஆங்கில அரசால் வழங்கப்பட்டது. அங்குப் பள்ளிகொண்ட நிலையிலுள்ள புத்தர் சிலையின் நீளம் 33 மீட்டர். ஆகவே தாய்லாந்து மக்கள் நமக்கு அண்டை நாட்டார் மட்டுமல்லர். அண்டை வீட்டாரும் ஆவர்.

தாய்லாந்தில் இரவுச் சந்தை மக்கள் வாழ்வோடு ஒன்றியது. 'தலாத்' என்றால் சந்தை. விடியும் வரை நடைபெறும் சந்தையைத் 'தலாத் தோ ருங்' என்பர். அங்கே பச்சைப் பப்பாளிக் காயைச் சீவி, மிளகாய், எலுமிச்சை, நிலக்கடலை முதலியவற்றோடு உரலில் இட்டு இடித்துத் தரும் 'சோம் தாம்' மிகவும் விரும்பப்படுகிறது. தேங்காய்ப் பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோற்றை மாம்பழத்தோடு உண்கின்றனர். மீனையும் கறிவிழுதையும் கலந்து வாழையிலையில் வைத்து அவிக்கும் 'ஹோ மோக்' என்பது நம் ஊர் ஓத்தாக் ஓத்தாக்கின் உடன்பிறப்பு. புளிப்பு, உவர்ப்பு, இனிப்பு, காரம் ஆகிய நான்கு சுவைகளும் ஒன்றையொன்று மிகாமல் நிற்க வேண்டும் என்பது அவர்களது சமையல் முறை.

அச்சந்தையில் தமிழின் தடமும் உண்டு. மஞ்சள் நிறக் குழம்பொன்றை அவர்கள் 'கேங் கரி' என்கின்றனர். 'கரி' என்பது நம் 'கறி' என்னும் சொல்லிலிருந்து சென்றதே. வாழைப்பழமும் முட்டையும் வைத்து மடிக்கும் 'ரோட்டி', நம் ரொட்டி சானாயின் உறவுப் பண்டம். இவ்வுறவு நேற்று ஏற்பட்டதன்று. தென் தாய்லாந்தின் தக்குவா பா என்னும் ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னும் பெயருடைய குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் அது குறிப்பிடுகிறது. வணிகத்திற்காகக் கடல் கடந்தவர்கள் அங்கே குளத்தையும் காத்து நின்றார்கள் என்பது நாம் நினைந்து மகிழத்தக்க செய்தி.

சொல் தங்கியது; கை தங்குமா?

மாணவர்களே! இப்போது மொழிப் பாடத்திற்கு வருவோம். மலாய் மொழியில் கடையைக் 'கெடாய்' என்கிறார்கள். அது நம் 'கடை'. வணிகத்தில் இடும் பணத்தை 'மோடால்' என்கிறார்கள். அது நம் 'முதல்'. பெட்டியைப் 'பெத்தி' என்றும், கப்பலைக் 'காப்பால்' என்றும், வகையைப் 'பாகாய்' என்றும் வழங்குகிறார்கள். அப்பம் 'அப்பாம்' ஆயிற்று. புட்டு 'புத்து' ஆயிற்று. தோசை 'தோசே' ஆயிற்று. சந்தையில் நாம் காணும் 'அப்பாம் பாலேக்' என்பது சீனர் வழி வந்த பண்டம். நிலக்கடலையும் சர்க்கரையும் தூவி மடித்துத் தருவர். ஆயினும் அதன் பெயரில் முதற்சொல் நம்முடையது. மடித்துத் திருப்புவதால் 'பாலேக்' என்ற மலாய்ச் சொல் அதனுடன் சேர்ந்தது. ஒரே பண்டத்தில் மூன்று இனமும் கூடியிருப்பதைப் பாருங்கள்.

நம் முன்னோர் இந்நாட்டு மொழிக்குக் கொடுத்த சொற்கள் அழியா. ஆனால் அச்சொற்களுக்கு உரிய பண்டங்களைச் செய்யும் கைகள் நம் இல்லங்களில் குறைந்து வருகின்றனவே! அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, மாவு புளித்ததை எவ்வாறு மணத்தால் அறிவது, ஆப்பச் சட்டியை எந்தச் சூட்டில் சுழற்றுவது என்பவை பெரும்பாலும் எழுத்தில் இருப்பதில்லை. பாட்டியின் கையிலிருந்து அம்மாவின் கைக்கும், அம்மாவின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கும் வருபவை அவை. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குப் பெயர் மட்டுமே மிஞ்சும். 'அப்பாம்' என்ற சொல் அகராதியில் இருக்கும். அப்பம் சுடத் தெரிந்தவர் நம் வீட்டில் இரார்.

தெருவோர உணவின் அருமையை உலகம் உணர்ந்துவிட்டது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு 2020-ஆம் ஆண்டிலும், மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும் தாய்லாந்தின் தோம் யாம் குங் என்னும் இறால் சாறும் 2024-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ நிறுவனத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றன. மலேசியக் காலையுணவில் நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சேர்ந்தே பெயர் பெற்றுள்ளன. பினாங்கு மாநில அரசும் உள்ளூர் உணவின் சுவை மாறிவிடக் கூடாதென்று, அங்காடிக் கடைகளில் வெளிநாட்டினர் தலைமைச் சமையற்காரராக இருத்தலாகாது என்னும் விதியை 2016-ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது. விதி செய்வது அரசின் கடமை. ஆனால் கரண்டியைப் பிடிக்கும் கையை விதியால் உண்டாக்க முடியாது. வீடுதான் உண்டாக்க வேண்டும்.

அப்பக் கடையின் கணக்கு

நம் பிள்ளைகள் இத்தொழிலை ஏன் விரும்புவதில்லை என்பதை அறிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது பாடத்திற்காக நாம் அமைத்துக் கொண்ட கணக்கு.

கணவனும் மனைவியும் ஓர் அப்பக் கடை நடத்துகிறார்கள். ஓர் அப்பம் 1 வெள்ளி. நல்ல நாளில் 250 அப்பம் விற்கிறது. வரவு 250 வெள்ளி. அரிசி, தேங்காய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றுக்கு 90 வெள்ளி; எரிவாயு 15; வாழையிலை, காகிதம் 10; இடம், மின்சாரம் 15; வண்டிச் செலவு 10. மொத்தச் செலவு 140 வெள்ளி. மீதம் 110 வெள்ளி.

இருவரும் அரிசி களைவது முதல் பாத்திரம் கழுவுவது வரை ஆளுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கின்றனர். 110-ஐ 18-ஆல் வகுத்தால் ஒரு மணி நேர உழைப்புக்கு ஏறத்தாழ 6 வெள்ளி 11 காசு வருகிறது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்று கொண்டால், அது மணிக்கு ஏறத்தாழ 8 வெள்ளி 17 காசு ஆகும். நல்ல வியாபாரம் நடந்த நாளிலும் அப்பக் கடைக்காரரின் வருமானம் அதற்குக் கீழே நிற்கிறது.

மழை நாளை நினைத்துப் பாருங்கள். 100 அப்பந்தான் விற்றது என்று வைத்துக் கொள்வோம். மாவு கரைத்தாயிற்று, தேங்காய் துருவியாயிற்று, செலவு குறையாது. வரவு 100, செலவு 140, நட்டம் 40 வெள்ளி. புளித்த மாவு மறுநாளுக்கு ஆகாது. இதனால்தான் வியாபாரி அடிக்கடி வானத்தைப் பார்க்கிறார்.

இக்கணக்கு நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகிறது. சிறு கடைக்காரரிடம் 10 காசுக்காகப் பேரம் பேசி, பேரங்காடியில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவது நியாயமன்று என்பது ஒன்று. கைத்திறன் மட்டும் போதாது, கணக்கறிவும் வேண்டும் என்பது மற்றொன்று. வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுபவர், எந்தப் பொருளை மொத்தமாக வாங்கலாம், எந்த நாளில் மாவைக் குறைக்கலாம், எப்போது விலையை உயர்த்தலாம் என்பதை அறிவார். மனக்கணக்கை மட்டும் நம்புபவர் உழைத்தும் ஏழையாகவே இருப்பார். பாட்டியின் கைப்பக்குவமும் பேரனின் கணக்கறிவும் ஒன்று சேர்ந்தால் அக்கடை நிலைக்கும்.

தோட்டமும் சந்தையும்

தோட்டப்புற மக்களுக்குச் சந்தை புதியதன்று. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, வெயில் ஏறும்வரை பால் சீவி, மாதம் முழுதும் உழைத்தவர்கள், சம்பள நாளை எதிர்நோக்கி இருந்தனர். அன்று மாலை தோட்டத்து வாசலில் வியாபாரிகள் கடை விரிப்பர். துணி, வளையல், மிட்டாய், முறுக்கு எல்லாம் வரும். தந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு அச்சந்தையைச் சுற்றிய குழந்தைகள் இன்று தாத்தா பாட்டிகளாக நம்மிடையே உள்ளனர்.

1950-களிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அத்துயரைப் போக்கவே 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது அச்சங்கம். சிறு துளி பெரு வெள்ளம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நகரங்களுக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கையில் நிலமில்லை, பெரிய முதலில்லை, உயர்ந்த படிப்புச் சான்றிதழும் இல்லை. ஆனால் பெண்களின் கையில் சமையற்கலை இருந்தது. ஓர் அடுப்பும் ஒரு சட்டியும் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பதை அத்தகைய தாய்மார்கள் நிறுவிக் காட்டினர். வடை சுட்டு விற்ற பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களை நம் மக்கள் நன்கறிவர். ஆகவே தெருவோரக் கடையை இழிவாக எண்ணுபவன், தன்னை ஏற்றிவிட்ட ஏணியையே இகழ்பவன் ஆவான்.

உடல் நலமும் தூய்மையும்

உணவு விற்பது பெரும் பொறுப்பு. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுவோர் பயிற்சி பெற வேண்டும். குடற்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக் கொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் ஐந்து எளிய நெறிகளை வகுத்தது. அவை வீட்டுச் சமையலறைக்கும் பொருந்தும்.

1. கைகளையும் பாத்திரங்களையும் தூய்மையாக வைத்தல்.
2. பச்சை இறைச்சி, மீன் ஆகியவற்றைச் சமைத்த உணவோடு சேர்க்காமல் வைத்தல்.
3. உள்ளே நன்கு வேகும்வரை சமைத்தல்.
4. சமைத்த உணவைச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ வைத்தல். கிருமிகள் 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள இளஞ்சூட்டில் விரைந்து பெருகும். ஆகவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்தலாகாது.
5. தூய நீரையும் கெடாத பொருள்களையும் பயன்படுத்துதல்.

கண்முன்னே சூடாகச் செய்து தரும் கடையை நாடுவதும், மூடி வைக்காமல் ஈ மொய்க்கும் பண்டத்தை விலக்குவதும் அறிவுடைமை.

மற்றொன்றையும் பெற்றோர்கள் கருத வேண்டும். 2023-ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இரவுச் சந்தையில் விற்கும் வண்ண வண்ணச் சர்க்கரை நீர்கள் குழந்தைகளை ஈர்க்கின்றன. ஒரு குவளையிலேயே பல தேக்கரண்டிச் சர்க்கரை கரைந்திருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஒரு குவளையை மூவர் பகிர்ந்து பருகலாம். அல்லது வீட்டிலிருந்தே நீர் எடுத்துச் செல்லலாம்.

குப்பையைப் பற்றியும் ஒரு சொல். சந்தை கலைந்தபின் தெருவில் கிடக்கும் நெகிழிப் பைகளும் குவளைகளும் மழைநீரோடு கால்வாயில் இறங்கி, கடலில் சேருகின்றன. ஜெலுத்தோங் கடற்கரையில் உள்ள குப்பை மேடு 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்ததை இவ்வட்டார மக்கள் மறந்திரார். தூக்கி எறிந்த பொருள் மறைந்து விடுவதில்லை. புகையாகவோ வெள்ளமாகவோ நம்மிடமே திரும்புகிறது. நம் முன்னோர் வாழையிலையில் பொதிந்து கொடுத்தனர். அது மண்ணோடு மண்ணாயிற்று. துணிப்பையும் மூடியுள்ள பாத்திரமும் கொண்டு செல்வது நமக்கு இயலாத காரியமன்று.

நாம் செய்ய வேண்டுவன

மதுரையின் கூவியர் இரவில் கண் விழித்தார்கள். துறைமுகத்துத் தொழிலாளர்க்குத் தோளில் சோறு சுமந்தார்கள். தோட்டத்தை இழந்த தாய்மார்கள் அடுப்பை மூட்டினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற செல்வம் இரண்டு: ஒன்று சொல், மற்றொன்று கைத்திறன். சொல்லைப் பள்ளிக்கூடம் காக்கும். கைத்திறனைக் காப்பது இல்லத்தின் கடமை.

பெற்றோர்களே! விடுமுறை நாளில் ஒரு முறையேனும் உங்கள் பிள்ளைகளை, மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு பாராது, மாவு கரைக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். முதல் அப்பம் கருகட்டும், இரண்டாவது பிய்யட்டும், பத்தாவது அப்பம் பூப்போல மலரும். மாணவர்களே! அடுத்த முறை இரவுச் சந்தைக்குச் செல்லும்போது, பண்டத்தை வாங்குமுன் அதனைச் செய்பவரின் கைகளை உற்றுப் பாருங்கள். மலாய்க்காரரை 'பாக் சிக்' என்றும், நம்மவரை 'ஐயா', 'அம்மா' என்றும் மரியாதையோடு அழைத்து, நன்றி கூறி வாங்குங்கள். அந்தக் கைகள் ஓய்ந்து போனால் எவ்வளவு பொன் கொடுத்தாலும் அச்சுவை மீளாது.

பயிற்சி

1. நாளங்காடி, அல்லங்காடி என்பவற்றை விளக்குக.
2. மலாய் மொழியில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினை எழுதுக. இக்கட்டுரையில் இல்லாத ஒன்றைப் பெரியோரிடம் கேட்டு அறிக.
3. ஓர் அப்பக் கடையில் ஒரு மாலை 180 அப்பம் விற்றது. ஓர் அப்பம் 1 வெள்ளி; செலவு 140 வெள்ளி. இலாபம் எவ்வளவு? இருவர் உழைத்த 18 மணி நேரத்திற்கு, மணிக்கு எவ்வளவு கிடைக்கும்?
4. 'நாசி கண்டார்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
5. உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு பண்டத்தின் செய்முறையைக் கேட்டு, அளவுகளோடு குறிப்பேட்டில் எழுதுக. பின்னர் அவர்கள் மேற்பார்வையில் அதனை நீங்களே செய்து பார்க்க.